கண்ணளவுக்கு அகப்படாத சர்க்கரை

அளவுநாடா என்ற பொருள், தன் கண்ணையே நம்பாத கோழைகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. மனித குலத்தின் முன்னேற்றம் அன்றைக்கே நின்றுபோயிற்று.

நாற்பது ஆண்டுத் தையல் அனுபவத்தில் கண்ணளவு மாஸ்டர் கண்டறிந்த உண்மை இது. சந்தேகம் உள்ளவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு வந்து நேரில் விளக்கம் பெற்றுக்கொள்ளலாம்.

அன்று காலை விளக்கம் பெற வந்தவர் ஒரு வங்கிக் காவலாளி. கால்சட்டைத் துணியோடு வாசலில் நின்றார். மாஸ்டர் வெட்டுமேசைக்குப் பின்னாலிருந்து தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான்.

"வயித்த உள்ள இழுக்காதீங்க சார். விடுங்க, மூச்ச விடுங்க. இடுப்பு முப்பத்தெட்டரை."

"முப்பத்தாறுதானே மாஸ்டர்?"

"அது நீங்க வீட்டுல சொல்ற அளவு. துணிக்குப் பொய் தெரியாது."

காவலாளி துணியை மேசையில் வைத்தார். மாஸ்டர் தைத்த உடை இறுக்கமாக இருந்ததாக இதுவரை யாரும் புகார் சொல்லித் தப்பித்ததில்லை. இறுக்கமாக இருந்தால் அது உடையின் குற்றமல்ல. துணி கொடுத்த நாளுக்கும் வாங்கிய நாளுக்கும் இடையில் வாடிக்கையாளர் செய்த துரோகம்.

கடை, வீட்டின் முன்னறை. வெட்டுமேசை, இரண்டு தையல் இயந்திரம், ஆளுயரக் கண்ணாடி. நடுவில் ஒரு திரை. திரைக்கு அப்பால் சாப்பாட்டு மேசையும் அடுப்படியும். திரைக்கு இப்பால் எதுவும் அளக்கப்படுவதில்லை. திரைக்கு அப்பாலும் அப்படித்தான் இருந்தது, எட்டு மாதங்களுக்கு முன்வரை.

எட்டு மாதங்களுக்கு முன்புதான் மருமகள் வந்தாள். எதையும் அளக்காமல் வாயில் வைக்காத மருமகள்.

அவள் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துபவள். பதினோரு வயதில் அவளுக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் சேர வேண்டுமானால், அதை வெளியிலிருந்து ஊசி வழியாகத்தான் தரவேண்டும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே அவள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். மகன் தலையாட்டினான். அவனுக்கு முன்பே தெரியும். மாஸ்டரின் மனைவி பத்துக் கேள்வி கேட்டுக்கொண்டாள். மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சர்க்கரைதானே? நம்ம பொத்தான்கடைக்காரனுக்கு இருபது வருஷமா இருக்கு. ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு ஊரையே சுத்தறான்" என்று விவாதத்தை முடித்துவைத்தார்.

மருமகளிடம் ஒரு நீலப் பை இருந்தது. உள்ளே விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி, பேனா போன்ற இரண்டு ஊசிகள், ஒரு குட்டி நோட்டு. ஒரு பேனாவில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் மருந்து. அதைத் தினமும் மாலை ஏழு மணிக்குப் போடுவாள். இன்னொன்று சாப்பாட்டு ஊசி, ஒவ்வொரு வேளைக்கும் முன்னால். அதன் அளவுதான் நாளுக்கு நாள் மாறும். அடுப்படியில் ஒரு சின்ன மின்தராசு வேறு வந்து உட்கார்ந்தது.

தராசைப் பார்த்த முதல் நாளே மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது.

"என்னம்மா, தங்கக்கடையா நடத்தற? உருளைக்கிழங்கைப் போய் கிராம்ல நிறுத்துக்கிட்டு!"

"நூத்தி அறுபது கிராம் மாமா. மூணு யூனிட் போடணும்."

"நேத்தும் இதே கிழங்குதான். நேத்து ரெண்டு போட்ட."

"நேத்து பிள்ளைங்களோட ஓடற நாள். ஓடினா சர்க்கரை தானா எறங்கும், அதனால கொறச்சேன். இன்னிக்கு உக்காந்து மார்க் போடற நாள்."

"போன வாரம் நாலு?"

"அன்னிக்கு மேலதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தாரு. பதட்டமானாலும் ஏறும் மாமா."

"அப்போ நாளைக்கு எவ்வளவுன்னு உனக்கே தெரியாது?"

"நாளைக்கு அளந்தாத்தான் தெரியும்."

மாஸ்டர் கையை விரித்துக் கூரையைப் பார்த்தார். நாளைய அளவு தெரியாமல் ஒரு மனுஷி இன்று எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடியும் என்பது அவர் கவலை. "ஒரே நம்பரா வச்சுக்கம்மா. மூணுன்னா மூணு. ஒரு தடவ தச்சா அதோட விட்டுடணும். தெனமும் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சா துணி தாங்காது."

"நீங்க எல்லாருக்கும் ஒரே சைஸ்லயா பேண்ட் தைக்கறீங்க?"

"எனக்குக் கண்ணு இருக்கு."

"எனக்கு மிஷின் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஊசி முனையை மாற்றினாள். "நீங்க நெறைய பேசற நாள்ல அரை யூனிட் கூடப் போடவேண்டியிருக்கு மாமா. அதையும் நோட்டுல எழுதியிருக்கேன்."

மாஸ்டரின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாஸ்டர் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டார்.

ஆனால் அவர் கொடுமைக்காரர் அல்ல. அதுதான் தொல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்கள். அவருக்கு மருமகளைப் பிடிக்கும். மகனைவிட ஒரு பிடி கூடவே பிடிக்கும். ஒரு நாள் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது நூல் எடுத்துக் கொடுக்க அவள் கையை நீட்டினாள். அப்போதுதான் அவள் விரல் நுனிகளைப் பக்கத்தில் பார்த்தார். பத்து விரலிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கடையில் குண்டூசி குத்திவைக்கும் பஞ்சுத் திண்டு ஒன்று இருந்தது. அதுவும் அப்படித்தான் இருக்கும். மாஸ்டர் அன்று மாலைவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாடிக்கையாளர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோனார்கள்.

பொத்தான்கடைக்காரரிடம் மனம்விட்டுச் சொன்னார். அவர் மாலையில் தேநீருக்கு வருபவர். சர்க்கரை நோயைப் பற்றி இருபது ஆண்டு அனுபவமும் இருபது ஆண்டுத் தவறான தகவலும் அவரிடம் சம அளவில் இருந்தன.

"ஊசியே வேணாம் மாஸ்டர். அத ஆரம்பிச்சா உடம்பு சோம்பேறி ஆயிடும். அப்பப்ப நாலு நாள் நிறுத்திப் பாக்கணும். உடம்பு தானா முழிச்சுக்கும்."

"யாரு சொன்னா?"

"கடைக்கு வந்த ஒருத்தரு."

அந்த ஒருத்தர் யார், என்ன படித்தவர், எதற்கு வந்தவர் என்று மாஸ்டர் விசாரிக்கவில்லை. பொத்தான் வாங்க வந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இதற்கிடையில் மாஸ்டருக்கு மருத்துவமும் கைவந்தது. பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்த ஒரு மாலை, மருமகள் வியர்த்து விறுவிறுத்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. தண்ணீர்க் குவளையைப் பிடித்த கை நடுங்கியது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, ஒரு குவளைப் பழச்சாற்றில் சர்க்கரை போட்டுக் குடித்தாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்து, மறுபடி மாமனாரைக் கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

மாஸ்டர் கத்திரிக்கோலும் கையுமாக நின்று முழுவதையும் பார்த்தார். சோர்வு, வெளிறிய முகம், இனிப்பு, குணம். இவ்வளவுதானா வைத்தியம்! குடிப்பதற்கு முன் ஒரு முறையும் குடித்தபின் ஒரு முறையும் அவள் விரலைக் குத்திப் பார்த்தது மட்டும் அவர் மனதில் பதியவில்லை. அளப்பது தொடர்பான காட்சிகளை அவர் கண் தானாகவே வெட்டி எறிந்துவிடும்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

மகன் மின்தூக்கி பொருத்தும் வேலைக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தான். மாஸ்டரின் மனைவியும் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தன் அக்காவைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாள் போகவேண்டி வந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"ஏங்க, அவ பை அவ கைக்கு எட்டற எடத்துலயே இருக்கட்டும். நீங்க எதையும் ஒழுங்குபடுத்தறேன்னு எடுத்து வைக்காதீங்க."

"எனக்குத் தெரியாதா? நீ போ."

அவள் போன அன்று மாலை நான்கு மணிக்கே மருமகள் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்தாள். காலையிலேயே தொண்டை வலித்ததாம். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கால் கப் கஞ்சியைக்கூட உள்ளே வைக்க முடியவில்லை. கருவியில் சர்க்கரை பார்த்தாள், நோட்டில் எழுதினாள், "கொஞ்சம் படுத்து எந்திரிக்கறேன் மாமா, ஏழு மணிக்கு எழுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்தாள்.

ஆறரை மணிக்கு மாஸ்டர் எட்டிப் பார்த்தார். காய்ச்சலில் கன்னம் சிவந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அந்தக் கையின் விரல் நுனிகள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன.

மாஸ்டர் யோசித்தார். ஆள் இளைத்தால் உடையைப் பிடித்துத் தைக்கவேண்டும். சாப்பாடு குறைந்தால் ஊசியைக் குறைக்கவேண்டும். சாப்பாடே இல்லை என்றால்? ஊசியே இல்லை. இதற்கு எதற்குத் தராசு, எதற்கு நோட்டு? நாற்பது ஆண்டு அனுபவத்தில் அவருக்கு இவ்வளவு கச்சிதமாக ஒரு வெட்டு விழுந்ததே இல்லை. அதோடு, பாவம், இரண்டு நாளாவது அந்த விரல்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

நீலப் பையை எடுத்துப்போய் வெட்டுமேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

ஒன்பது மணிக்கு மேல் மருமகள் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "மாமா, மணி என்ன? ஊசி போடணுமே... போட்டேனா?"

காய்ச்சலில் அவளுக்கே நினைவு குழம்பியிருந்தது. பதில் சொல்ல மாஸ்டருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

"எல்லாம் ஆச்சும்மா. நீ தூங்கு."

அவள் நம்பினாள். மாமா நிறையப் பேசுவார், ஆனால் பொய் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குடித்தாள், கழிப்பறைக்குப் போனாள், மறுபடி கேட்டாள். நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் என்றால் தாகம் எடுக்கும் என்று மாஸ்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மாமா, என் பையைக் குடுங்க. ஒரு தடவ பாத்துடறேன்."

"வயிறு காலியா கெடக்கு, எதுக்கும்மா? சாப்பிடாம ஊசி போட்டா மயக்கம் வரும்னு நீதானே சொன்ன?"

"அது சாப்பாட்டு ஊசி மாமா. இது வேற... காய்ச்சல் வந்தா தானா ஏறும்..." முடிக்க முடியாமல் வாந்தி வந்தது. கையால் கட்டிலடியைத் தடவினாள். போன், நேற்று வந்ததும் வைத்தபடியே முன்னறையில் கிடந்தது. "என் போனையாவது குடுங்க, அவருக்குப் பேசணும்."

"அவன் அங்க உயரத்துல நின்னு வேல செய்யறான்ம்மா. இப்பப் பேசினா பதறுவான். கடையில கோட்டுக்கு ஒருத்தர் நிக்கறாரு, அவர அனுப்பிட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றேன். படு."

கோட்டுக்கு நின்றவர் போனார். அவருக்குப் பின் பள்ளிச் சீருடைக்கு ஒருவர் வந்தார். மாஸ்டர் போனையும் எடுத்து வரவில்லை, பையையும் எடுத்து வரவில்லை. மதியம் திரையை விலக்கிப் பார்த்தபோது மருமகள் முகம் வெளிறி, கண் சொருகி, துவண்டுபோய்க் கிடந்தாள். மாஸ்டர் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். வெளிறிய முகம், சோர்வு. படித்த பாடம்தான்! சர்க்கரை இறங்கிவிட்டது.

ஒரு குவளைத் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரை கலந்தார். யோசித்து, அன்பு மிகுதியால் நாலாவதும் போட்டார். தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தார். மெல்லிய குரலில், "இந்தா, இதோ சரியாயிடும், இதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரியாகவில்லை. அரை மணி கழித்து இன்னொரு குவளை.

மூன்றரை மணிக்கு மாஸ்டரின் மனைவி திரும்பி வந்தாள். கைப்பையை வைக்கக்கூட இல்லை. மருமகள் மூச்சு விடும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஓடி முடித்தவர்களைப் போல ஆழமான, வேகமான மூச்சு. ஆனால் அவள் ஓடவில்லை, படுத்திருந்தாள்.

குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வாயில என்னங்க இப்படி அழுகின பழ வாசனை? சர்க்கரை எவ்வளவு?"

"கம்மிதான். ரெண்டு தடவ சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டேன்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"அளக்கல. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

"பை எங்க?"

மாஸ்டர் சாவியை எடுத்தார். இழுப்பறை ஒரே திருப்பில் திறக்கவில்லை. மூன்றாவது திருப்பில்தான் பை வெளியே வந்தது.

அவர் மனைவி எட்டு மாதமாக மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள். மருமகளின் விரலைக் குத்தினாள், சொட்டைக் கருவியில் வைத்தாள், எண்ணுக்காகக் காத்திருந்தாள். எண் வரவில்லை. கருவியின் திரையில் இரண்டே எழுத்து வந்து நின்றது.

"ரிப்பேரா?" என்றார் மாஸ்டர் நம்பிக்கையோடு.

"அதால அளக்க முடியாத அளவுக்கு மேல போயிடுச்சுன்னு அர்த்தம். அவ சொல்லியிருக்கா." "நேத்து சாயங்கால ஊசி போட்டாளா?"

அப்போதும் மாஸ்டர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"இல்ல. நான்தான் போட்டாச்சுன்னு சொன்னேன்."

மனைவி அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "வண்டியக் கூப்பிடுங்க" என்றாள்.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருமகளை உள்ளே கொண்டுபோனார்கள். பச்சை நாற்காலி வரிசையில் மாஸ்டர் உட்கார்ந்தார். எதிரே போகிற வருகிறவர்களின் இடுப்பளவும் தோளளவும் பழக்கத்தில் அவர் கண்ணில் வந்து விழுந்தன. இருபத்தெட்டு, நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தவளின் ரத்தத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அவர் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. களைத்த முகம்.

"சர்க்கரை அறுநூத்தி இருபது. ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கு. இன்னும் ஒரு ராத்திரி வீட்டுலயே வச்சிருந்தா உயிரோட இங்க வந்திருக்க மாட்டாங்க. ஊசியை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தாங்க" என்றார் மாஸ்டர். "சாப்பிடல, அதனால... கம்மியா இருக்கும்னு..."

"எப்படித் தெரிஞ்சுது கம்மின்னு?"

"மூஞ்சியப் பாத்து."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவர் மூஞ்சியைப் பார்த்தாள். அளவு எடுப்பது போலத்தான் இருந்தது.

"எறங்கினாலும் சோர்வு வரும், ஏறினாலும் சோர்வு வரும். பாத்துக் கண்டுபிடிக்க எனக்கே தெரியாதுங்க, நான் இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். ஒரு சொட்டு ரத்தம் அஞ்சு செகண்ட்ல சொல்லியிருக்கும்."

"என் ஃப்ரெண்டு ஒருத்தன் மாத்திரையிலயே..."

"அவருக்கு இருக்கறது வேற. அவர் உடம்புல இன்சுலின் இருக்கு, ஒழுங்கா வேல செய்யல. இவங்க உடம்புல இன்சுலினே கெடையாது. ஊசி இவங்களுக்கு வெறும் பழக்கம் இல்ல, மூச்சு மாதிரி. காய்ச்சல் வந்தா சாப்பிடாட்டியும் சர்க்கரை ஏறும். அப்போ அடிக்கடி அளக்கணும், எங்களக் கேட்டு ஊசியக் கூட்டணும், இல்ல கொறைக்கணும். நாள் முழுக்க நிக்கற அந்த ஊசிய மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "உங்க வீட்டம்மா நேரத்துக்குக் கொண்டுவந்தாங்க. பொழச்சுக்குவாங்க."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தன் முந்தானை நுனியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள், துடைத்துக்கொள்ள.

மூன்றாம் நாள் மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். மகன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். அப்பாவிடம் அவன் பேசவில்லை. மருமகளின் அம்மா வந்து, "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தாள்.

மாஸ்டர் கட்டில் காலடியில் நின்றார்.

"நான் பொய் சொல்லிட்டேன்ம்மா" என்றார் கடைசியில். "உன் விரல் பாவம்னு நெனச்சேன்."

மருமகள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இதுல பாவம் ஒண்ணும் இல்ல மாமா. பதினோரு வயசுலேர்ந்து இந்த விரல்தான் என்னைக் காப்பாத்திட்டு வருது. நான் பயந்துபோய் அளக்கறேன்னு நெனச்சுக்கிட்டீங்க. அளக்கறதாலதான் பயப்படாம இருக்கேன். ஓடறேன், சாப்பிடறேன், உங்களோட சண்ட போடறேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "நீங்க பாசத்துலதான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும். ஆனா என் உடம்பு மாமா அது. பாசம் இருக்குங்கறதுக்காக, நோயாளியக் கேட்காம அவங்க மருந்துல யாரும் கைவைக்கக் கூடாது. தெரியாததக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கண்ணுல படாதத அளந்து தெரிஞ்சுக்கணும். அது தெரியாத பாசம் ஆளையே கொன்னுடும்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அந்த ஏழு மணி ஊசி... அது எத்தன யூனிட்டும்மா?"

எட்டு மாதத்தில், பதிலைத் தெரிந்துகொள்வதற்காக அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் தன் அம்மாவைப் பார்த்தாள், மறுபடி மாமனாரைப் பார்த்தாள்.

"பதினாலு. உக்காருங்க மாமா, முழுசா சொல்றேன். கொஞ்சம் நேரமாகும்."

மாஸ்டர் உட்கார்ந்தார். நேரமானது. இடையில் ஒருமுறைகூட அவர் குறுக்கே பேசவில்லை. மருமகள் பள்ளியில் எத்தனையோ முரட்டுப் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்தவள். ஆனாலும் இது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போகும்போது அவள் தன் அம்மாவிடம், "ஒரு வாரம் நம்ம வீட்டுல இருக்கேன்மா. அப்புறம் போயிடுவேன்" என்றாள்.

சொன்னபடியே ஒரு வாரம் கழித்து வந்தாள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, மாஸ்டரின் மனைவி குளித்துவிட்டு வந்தபோது அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் தனியாக நின்றிருந்தார். மருமகளின் சாப்பாட்டுப் பெட்டி திறந்திருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று மின்தராசில் உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் அதைக் குனிந்து பார்த்தார். ஒரு கத்தியை எடுத்து ஓரத்தில் மெல்லிய சீவல் ஒன்றைச் சீவினார். மறுபடி குனிந்தார். சீவலில் பாதியைத் திருப்பி வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. தராசு வேல செய்யுதான்னு பாத்தேன்."

உள்ளறையிலிருந்து காலணி மாட்டும் சத்தம் கேட்டது. மாஸ்டர் குரலைத் தாழ்த்தி அந்தப் பக்கம் கேட்டார்: "ஏம்மா, இன்னிக்கு ஓடற நாளா, உக்கார்ற நாளா?"

"ஓடற நாள் மாமா!"

அவர் மேசையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பொத்தான்கடைக்காரர், தன் கடையைத் திறக்க இன்னும் நேரமிருந்ததால், திரையை விலக்கித் தலையை நீட்டினார். தராசையும் கிழங்கையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாய் அகலமாகத் திறந்தது.

"என்ன மாஸ்டர், நீங்களுமா?"

மாஸ்டர் நிமிரவில்லை. மூக்கு ஏறக்குறைய தராசைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மூச்சு விடாம நில்லுய்யா. நம்பர் ஆடுது."